மலைக் குளிரில் ஒரு பவளத் தொட்டி

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், கொஞ்சம் மென்பவளம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால்தான் உட்காருவார்கள். தேநீர் ஆறிப்போகும். பிறகு, "இதே மாதிரி ஒன்று வைக்க என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் தொடங்கியபோது, கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் பட்டியலோடு கடைக்குப் போனேன். அவர் ஊரில் சூடுதான் பிரச்சினை. பட்டியலின் உச்சியில் குளிரூட்டியும் விசிறியும் இருந்தன. ஹீட்டர் கடைசி வரியில், அதுவும் 100 வாட். குளிரூட்டியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வாங்கினேன். தை மாதத்தில் ஒரு விடியற்காலை தொட்டியைப் பார்த்தால் 19 பாகை செல்சியஸ். பவளத்துக்கு 24 முதல் 26 பாகை வேண்டும். அந்தக் கிழமை நான் இழந்த மீன் இன்னும் மனதில் நிற்கிறது.

மலையில் பட்டியலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். தை, மாசியில் புல்லில் உறைபனி விழும். அறைக்கும் தொட்டிக்கும் 10 பாகை வித்தியாசம் வந்தால், லிட்டருக்கு ஒரு வாட் என்ற வழக்கமான கணக்கு போதாது. லிட்டருக்கு இரண்டு வாட் வையுங்கள். 150 லிட்டருக்கு 300 வாட். அதை ஒரே ஹீட்டராக வாங்க வேண்டாம், 150 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஹீட்டர் பழுதானால் பெரும்பாலும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். 300 வாட் அப்படி எரிந்தால் உயிர்கள் வெந்துவிடும். 150 வாட் தனியாக அவ்வளவு தூரம் சூடாக்காது. ஒன்று அணைந்தே போனாலும் மற்றது ஓரளவு தாங்கும். தொட்டியின் பின்பக்கத்திலும் இரண்டு பக்கங்களிலும் ரெஜிபோம் ஒட்டினால் மின்சாரக் கட்டணத்திலும் மிச்சம் தெரியும். பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை.

அடுத்தது காற்று. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். கொழும்பில் ஆறு மீன் தாங்கும் தொட்டியில் நீங்கள் நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் ஒன்றையாவது மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். புரோட்டீன் ஸ்கிம்மர் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவிதான். ஆனால் அந்த நுரை வழியாகக் காற்றும் தண்ணீரில் கலக்கும். அதனால் மலையில் அதற்குச் செலவழிக்கும் பணம் வீண் போகாது.

சரி, தண்ணீர். நம் பீலித் தண்ணீர் குடிக்க இனிமையானது, அதனால் எதற்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிக்கிறார்கள். மழையில் அதுவும் உரமும் கழுவி எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவு செம்பே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஆகவே சவ்வு வழியாகத் தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும், அதன் பின்னால் எஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசினும் கட்டாயம் வேண்டும். வடித்த தண்ணீரை, கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் 0 காட்ட வேண்டும். ஆர்.ஓ. சவ்வு எவ்வளவு வடிக்கும் என்பதை 25 பாகைத் தண்ணீருக்குக் குறித்திருப்பார்கள். 15 பாகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் வடியும். மேட்டுத் தாங்கியிலிருந்து மெதுவாக வரும் குழாய் என்றால் அழுத்தம் கூட்டும் பம்ப் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கடல் உப்பு. சமையல் உப்பு ஆகாது, தொட்டிக்கென்றே விற்கும் கலவைதான் வேண்டும். ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கிழமைக்கு 15 லிட்டர் மாற்றும்போது, புதுத் தண்ணீரை வாளியிலேயே 25 பாகைக்குச் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். அதற்கென்று சின்ன ஹீட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும்.

மின்வெட்டை மறக்க முடியுமா? 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அது போனாலும், காற்று மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது மலையில் புதிதல்ல. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள். விலை குறைவுதான். சூடு மெதுவாக இறங்கும், ஒரு போர்வையைச் சுற்றினால் இன்னும் தாங்கும். ஒட்சிசன் அப்படிக் காத்திருக்காது. வயர் செல்லும் பாதையில் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இந்தக் கருவி எதையும் இணைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

விளக்கைப் பற்றி அதிகம் இல்லை. மென்பவளத்துக்கு நடுத்தர எல்.ஈ.டி. போதும். பெரிய விளக்குக்குப் பணம் சேரும்வரை கல்பவளத்தை நினைக்க வேண்டாம்.

தொட்டிக்குள் வைக்கும் பாறை பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். கடலில் உடைத்த பவளத்தையோ பவளப் பாறையையோ யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். நம் நாட்டில் பவளத்தை உடைத்து எடுப்பது குற்றம். 1998-இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவைப் பவளங்கள் வெளுத்துச் செத்தன, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. செராமிக் பாறை போதும். கழிவைச் சிதைக்கும் பக்டீரியா போத்தலில் வரும், அதைச் சேர்த்து, மீன் இல்லாமல் நாலிலிருந்து ஆறு கிழமை ஓடவிடுங்கள். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் 0-க்கு வரட்டும்.

அதற்குள் ஏழு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வெப்பமானியைப் பாருங்கள். ஏழு நாளும் 24-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் முதல் மீனை வாங்கப் போகலாம்.

வணக்கம்.