காசு கனடாவிலிருந்து, கணக்கு கிளிநொச்சியில்

வணக்கம் நேயர்களே.

ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு, செய்மதி வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் எடுத்துக் கொடுக்கலாமா, எடுத்தால் இங்கிருந்து காசு கட்டுவது எப்படி என்று இப்போது பலரும் விசாரிக்கிறார்கள். இலங்கையில் அந்தச் சேவைக்கு 2024 ஓகஸ்டில் உரிமம் கிடைத்தது. 2025 ஜூலையில் இணைப்புக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு நம்மவர்கள் காசு விட்ட இடங்களைப் பார்த்தால், தொழில்நுட்பத்தால் கெட்டதை விட, வாங்கிய விதத்தால் கெட்டதுதான் அதிகம்.

முதலில் ஒன்று. வீட்டு வாசல் வரைக்கும் ஃபைபர் இணையக் கம்பி வந்திருந்தால், இந்த நிகழ்ச்சியை நீங்கள் பாட்டுக்காகக் காத்திருந்தபடி கேட்கலாம். ஃபைபரை எடுங்கள். தொடங்கிய வேளையில் ஸ்டார்லிங்கின் மாதக் கட்டணம் ரூபாயில் ஐந்து இலக்கம், கூரையில் வைக்கிற டிஷ் கருவியின் விலை ஒரு இலட்சத்துக்கு மேல். ஃபைபர் வராத, போன் சிக்னலும் ஒழுங்காக இல்லாத வன்னிக் கிராமம், தீவுப்பகுதி, தோட்டத்துக்கு நடுவில் தனித்து நிற்கிற வீடு, அதற்குத்தான் இது.

சரி, எடுப்பதென்று தீர்மானித்துவிட்டீர்கள். கனடாவில் கடையில் மலிவு விற்பனை போட்டிருக்கிறான், ஒன்றை வாங்கிப் பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் என்ன? போகாதீர்கள். ஒன்று, ரேடியோ அலை வெளியிடுகிற கருவியை இலங்கைக்குள் கொண்டுபோக அனுமதி வேண்டும், சுங்கத்தில் மறிப்பார்கள். மற்றது இன்னும் பெரிது. ஸ்டார்லிங்க் கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டதோ, அந்த நாட்டோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுப் பாவனைத் திட்டம் பதிந்த முகவரியில்தான் வேலை செய்யும். பயணத் திட்டம் வெளிநாட்டிலும் வேலை செய்யும், ஆனால் தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் வெளியில் பாவித்தால் பதிவு நாட்டை மாற்றச் சொல்வார்கள், மாற்றாவிட்டால் இணைப்பை நிறுத்தலாம். கனடாவில் பதிந்ததைக் கிளிநொச்சிக் கூரையில் ஏற்றினால், இரண்டு மாதம் நன்றாக ஓடும். அந்த இரண்டு மாதம்தான் ஆளை ஏமாற்றும்.

இந்த இடத்தில் சூடானைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. காசு ஒரு நாட்டில், கணக்கு இன்னொரு நாட்டில், டிஷ் மூன்றாவது நாட்டில் என்றால் என்ன நடக்கும் என்பதை அங்கே முழுமையாகப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கியது. 2024 பெப்ரவரியில் தொலைபேசி வலையமைப்புகள் ஒரேயடியாக நின்றன. அப்போது சூடானில் ஸ்டார்லிங்க் விற்பனையே இருக்கவில்லை. ஆனாலும் அயல் நாடுகள் வழியாக டிஷ்கள் உள்ளே வந்தன. எல்லாம் வேறு நாடுகளில் பதிந்தவை, பலவற்றின் மாதக் காசை வெளிநாட்டு உறவினர்கள் கட்டினார்கள். ஒரு டிஷ்ஷைச் சுற்றி ஊரே உட்கார்ந்து மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வைஃபை பாவித்தது. எதற்கு? படம் பார்க்கவா? பங்கக் என்றொரு வங்கிச் செயலி இருக்கிறது, கார்ட்டூம் வங்கியினுடையது. பிள்ளைகள் வெளியிலிருந்து அனுப்புகிற காசு அதில்தான் வந்து விழும். இணையம் இல்லையென்றால் அன்றைக்குப் பாண் வாங்கக் காசில்லை. காசை எடுக்க இணையம் வேண்டும், இணையத்துக்குக் காசு வேண்டும்!

அப்படியிருக்க, 2024 ஏப்ரலில் ஸ்டார்லிங்க் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது: பதிந்த நாட்டுக்கு வெளியே பாவிக்கிறவர்களின் இணைப்பு மாதக் கடைசியில் நிற்கும். சூடானில் இருந்தவர்களையும் அது உள்ளடக்கியது, தென்னாபிரிக்காவில் இருந்தவர்களையும்தான். 90க்கு மேற்பட்ட உதவி அமைப்புகள் சேர்ந்து, சூடானில் நிறுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. அதற்குப் பிறகும் அங்கே பல டிஷ்கள் இயங்கின, ஆனால் ஒவ்வொன்றும் நிறுவனத்தின் தயவில். சூடான்காரருக்கு வேறு வழியில்லை. இலங்கைக்கு முறையான வழி இருக்கும்போது நாம் ஏன் அந்த நிலையில் போய் நிற்கவேண்டும்? ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: கணக்கு இலங்கையில், காசு மட்டும் இங்கிருந்து.

இனி எப்படி வாங்குவது. ஓடர் போட முன்னர் வானத்தைப் பாருங்கள். ஸ்டார்லிங்க் செயலியில், எதையும் வாங்காமலேயே, போன் கமராவை மேலே பிடித்து மறைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வசதி உண்டு. டிஷ் நிற்கப்போகிற இடத்தில் நின்றே பிடிக்கவேண்டும். முற்றத்தில் நின்று பிடித்தால் முற்றத்துக் கணக்குத்தான் வரும். எழுபது வயது அப்பாவைக் கூரையில் ஏற்றாதீர்கள், ஒரு தம்பியைப் பிடித்து ஏற்றுங்கள்.

நம் ஊரில் வில்லன் பனையும் தென்னையும். செய்மதிகள் சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில் வேகமாக ஓடுகின்றன, டிஷ் அடிக்கடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஒவ்வொன்றும் பனைக்குப் பின்னால் மறைகிற நேரம் இணைப்பு சில விநாடி அறும். வேகத்தை அளந்து பார்த்தால் நூறுக்கு மேல் காட்டும், ஆனால் வட்ஸ்அப்பில் அம்மாவின் முகம் உறைந்து நிற்கும். உடனே றூட்டரைக் குற்றம் சொல்வார்கள். குற்றம் மேற்குப் பக்கத்துத் தென்னையில் இருக்கிறது.

முகவரி. ஒழுங்கைக்குள் இருக்கிற வீட்டுக்கு இலக்கம் கிடையாது, இருந்தாலும் வரைபடத்துக்குத் தெரியாது. ஆகவே கூகிள் வரைபடத்தில் செய்மதிப் படத்தைத் திறந்து, வீட்டுக் கூரையின் மேல் விரலை வைத்து, வருகிற பிளஸ் கோட்டை, அதாவது அந்த இடத்தைக் குறிக்கிற எழுத்தும் இலக்கமும் கலந்த குறியீட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓடரில் போடலாம். தொலைபேசி இலக்கம் 94 என்று தொடங்குகிற ஊர் இலக்கமாக இருக்கட்டும், கூரியர்காரர் அழைப்பது அதற்குத்தான். மின்னஞ்சல் அம்மா அப்பாவுடையதோ, அவர்களோடு இருக்கிற தங்கச்சியுடையதோ ஆகவேண்டும், அதன் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கவேண்டும். கட்டணம் தவறினால் வருகிற எச்சரிக்கை அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். ஒருவரும் திறந்து பார்க்காத பெட்டிக்கு அது போனால், இணைப்பு நின்ற பிறகுதான் தெரியவரும்.

இப்போது காசு. அட்டை விபரம் கேட்கிற இடத்தில் இரண்டு முகவரி வரும், இதில்தான் முக்கால்வாசிப் பேர் இடறுகிறார்கள். சேவை முகவரி கிளிநொச்சி. அட்டையின் முகவரி, உங்கள் வங்கிக் கூற்றில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி, ரொறன்ரோ வீட்டு முகவரி, தபால் குறியீட்டோடு. இரண்டு இடத்திலும் கிளிநொச்சியைப் போட்டால் வங்கி மறுக்கலாம். மறுத்ததும் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள், வங்கி மோசடி என்று நினைத்து அட்டையையே பூட்டிவிடும். ஒருமுறை மறுத்தால் நிறுத்திவிட்டு, முதலில் வங்கிக்கு எடுத்துக் கதையுங்கள்.

வங்கி அனுப்புகிற உறுதிப்படுத்தும் இலக்கமும் உங்கள் போனுக்குத்தான் வரும், ஊரில் திரைக்கு முன் இருப்பவருக்கு வராது. ஊரில் காலை ஒன்பது மணி என்றால் ரொறன்ரோவில் குளிர்காலத்தில் முந்தின இரவு பத்தரை, கோடையில் பதினொன்றரை. நீங்கள் தூங்கும்போது அங்கே ஓடர் போட்டால் இலக்கம் காலாவதியாகிவிடும். அட்டை விபரத்தை ஒருவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பாமல், கணக்குக்குள் நீங்களே நுழைந்து பதியுங்கள்.

பில் ரூபாயில் வரும். கனடாவில் பெரும்பாலான கடனட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு நூற்றுக்கு 2.5 வீதம் சேர்க்கும், லண்டனில் பல அட்டைகள் கிட்டத்தட்ட 3 வீதம். 15,000 ரூபா பில்லுக்கு 2.5 வீதம் என்றால் 375 ரூபா. அந்தக் கட்டணம் இல்லாத அட்டை இருந்தால் அதைப் போடுங்கள். அட்டை காலாவதியாகும் மாதத்தைக் கலண்டரில் குறித்துவையுங்கள், ஊரில் ஒருவரின் டெபிட் அட்டையையும் தயாராக வைத்திருங்கள்.

இங்கிருப்பவர் பார்க்காத இன்னொரு பில் இருக்கிறது, மின்சார பில். சாதாரண வீட்டு டிஷ் 75 முதல் 100 வொட்ஸ் வரை இழுக்கும், இரவு பகலாக. மாதம் 54 முதல் 72 யூனிட். 80 யூனிட் பாவித்த வீடு 140ஐத் தொடும். மின்சாரக் கட்டணம் பாவனை கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது, கூடிய படிக்குப் போனால் யூனிட் விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். அப்பா ஒன்றும் சொல்லாமல் டிஷ்ஷைக் கழற்றி வைப்பார், நீங்கள் இங்கே காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். செயலியில் உறக்க நேரம் வைக்கலாம், ஊர் நேரம் இரவு பதினொன்று முதல் அதிகாலை நான்கு வரை வைத்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். நான்குக்கு மேல் நீட்டவேண்டாம், உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்து அழைப்பு அங்கே விடியற்காலை.

கரண்ட் போனால் சமாளிக்க, ஃபைபர் றூட்டருக்கென்று கடையில் விற்கிற சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ் பற்றரி, இவ்வளவு மின்சாரம் இழுக்கிற டிஷ்ஷுக்குச் சரிவராது. மார்கழி மழைக்கு இணைப்பு சில நிமிடம் போய் வரும், அது பழுதில்லை. இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். பழைய கருவி வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பவர் தன் கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கியிருக்கவேண்டும். KIT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிற இலக்கம் பெட்டியில் ஒட்டியிருக்கும், அதை இலங்கைக் கணக்கில் போட்டு ஏற்றுக்கொள்கிறதா என்று, காசு கைமாற முன்னர், அவர் முன்னாலேயே பாருங்கள். சேவையை நிறுத்துவதென்றால் கணக்குக்குள் போய் நிறுத்துங்கள். டிஷ்ஷைக் கழற்றி அறையில் வைத்தால் அட்டையில் காசு போய்க்கொண்டேதான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.