சீகை நாற்று பிடுங்கப் போனோம் | மேல்மலை வ்லாக்

வணக்கம் மக்களே. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி மன்னவனூர் பக்கம் வந்திருக்கிறேன். நிற்கிற இடம் எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற சரிவு. மூடுபனியில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் கையில் இருப்பதை முதலில் காட்டிவிடுகிறேன்.

இதோ, புளிய இலையைவிடப் பொடியான இலை. ஒரு சாண் உயரம். இதுதான் சீகை நாற்று. தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய் இல்லை, ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்களே, அது. சீசனில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதன் அடியில் நின்று எல்லோரும் போட்டோ எடுப்பார்களே, அந்த மரத்தின் குழந்தை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்று, சுதந்திரத்துக்குப் பிறகு புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். புல் மட்டும் இருந்தால் அது சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்துவிட்டார்கள். 1973லிருந்து 2014க்குள் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, வெட்டித் தள்ளிவிட வேண்டியதுதானே என்பீர்கள். இந்தச் சரிவில் அதைத்தான் செய்தார்கள். மொத்தமாக வெட்டி, கட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி யாரும் வரவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நிழல் போய் வெயில் பட்டதும், தீப்பிடித்தால் இன்னும் வேகமாக, நாற்றங்கால் மாதிரி முளைத்துவிடும். ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு நாற்று. அதனால் வெட்டுவது ஒரு நாள் வேலை, பிடுங்குவது பல வருட வேலை. வருடா வருடம் வர வேண்டுமென்றால் பக்கத்திலேயே குடியிருப்பவர்களால்தான் முடியும். வனத்துறையிடம் அனுமதி வாங்கி எங்கள் ஊர்க்காரர்கள் இறங்கியது அதனால்தான்.

பிடுங்குவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. போன தடவை காய்ந்த மண்ணில் இழுத்தேன், தண்டு மட்டும் கையோடு வந்தது. எங்கள் பெரியம்மா பார்த்துவிட்டு, "மழை விட்ட மூணாம் நாள் வாய்யா, அப்ப மண்ணே விட்டுக் கொடுக்கும்" என்றார். இன்று பாருங்கள்... அடித்தண்டைப் பிடித்து, லேசாக ஆட்டி, நேராக மேலே. ஆணிவேர் முழுசாக வந்துவிட்டது.

அந்தக் குழியில் அப்படியே புல் தூர் ஒன்றை வைத்து மிதித்துவிடுகிறோம். இந்தப் புல்லும் அடியில் இருக்கிற மண்ணும்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். எங்கள் பூண்டு வயலுக்கு அந்த ஓடைதான்.

ஆனால் எல்லாச் சீகையையும் தொட மாட்டோம். கீழே பள்ளத்தில் வயதான சீகைகளுக்கு அடியில் சோலை மரக் கன்றுகள், அதாவது இந்த மலையின் சொந்தக் காட்டு மரங்களின் கன்றுகள், தானாக வந்திருக்கின்றன. நிழல் இருப்பதால்தான் வந்திருக்கின்றன. அந்தச் சீகையை வெட்டினால் கன்றும் போகும். அப்புறம், அடுப்புக்கு விறகும் ஊரில் பலருக்குச் சீகைதான். அதையும் மறைக்கக் கூடாது.

இங்கே கொஞ்சம் குனிந்து பாருங்கள். கரும்பச்சை இலை, ஓரத்தில் பல் பல்லாக. குறிஞ்சி! 2018ல் பூத்துக் கொட்டிய விதையில் வந்த செடி. அடுத்த பூ 2030ல். அதுவரை இதன் தலைக்கு மேல் சீகை நிழல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதோ, பாறையில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறதே, அதுவரை இன்றைக்கு முடிக்கணும். பெரியம்மா பாதி தூரம் போய்விட்டார். கேமராவை வைத்துவிட்டு நானும் போகிறேன்.