பத்து மணி வெயிலில் பூவைப் படம் எடுப்பது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. முதல் கேள்வி உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து. ஒரு அக்கா குரலிலேயே பேசி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே வாசிக்கிறேன்.

"தம்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். பஸ் மாறிப் போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிட்டது. போனில் எடுத்த பூ எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, சிவப்புப் பூ மட்டும் பெயிண்ட் டப்பாவைக் கொட்டின மாதிரி இருக்கிறது. விடியக்காலையில் எடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எங்களுக்கு அது ஆகாதுங்க. பத்து மணிக்குப் போகிறவர்கள் என்ன பண்ணுவது?"

நியாயமான கேள்வி அக்கா. நானும் வீடியோவுக்கு வீடியோ ஆறரை மணி வெளிச்சம், ஆறரை மணி வெளிச்சம் என்று சொன்னவன்தான். கோவை வடவள்ளியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். குடும்பத்தோடு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது உதவாது.

சரி, வெயிலையே கொஞ்சம் பார்ப்போம். கோவை வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணி தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். பூ வாய் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தால் வெயில் நேராக உள்ளே கொட்டுகிறது, கீழ் இதழ் கருத்துப்போகிறது. மார்கழியில் அப்படி இல்லை. மார்கழி பத்து மணிச் சூரியனும் சித்திரை ஒன்பது மணிச் சூரியனும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான், சுமார் 40 டிகிரி. மார்கழி, தையில் போக முடிந்தால் ஒரு மணி நேரம் சும்மாவே கையில் கிடைக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வெளிச்சத்துக்காகக் காத்திருக்க முடியாது என்றால் நிழலை நாமே கொண்டுபோக வேண்டும். ஒரு கருப்புக் குடை போதும். அக்கா படம் எடுக்கட்டும், பிள்ளைகளில் ஒருவர் பூவுக்கு மேல் குடையைப் பிடிக்கட்டும். இதழில் அடித்த அந்த வெள்ளைப் பளபளப்பு போய், உள்ளே இருக்கிற நரம்பு தெரிய ஆரம்பிக்கும். இன்னும் நல்லது வெள்ளைத் துண்டு. பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் வெயில் துணிக்குள் வடிந்து மெதுவாக இறங்கும், மேகம் மூடின மாதிரி. வேட்டியாக இருந்தாலும் சரி, கரை மட்டும் பூவின் மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியின் நிறம் முக்கியம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை வெள்ளை அரளிக்குக் கீழே நிழல் அதிகமாக இருக்கிறதே, கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி விடலாம் என்று கையிலிருந்த மஞ்சப்பையை விரித்துப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் பூவுக்கு மஞ்சள் காமாலை! நாற்பது படம், நாற்பதும் அப்படியே. அதிலிருந்து வெள்ளைச் சார்ட் அட்டை ஒன்றை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். பூப்போட்ட கலர்க்குடையும் இதே வேலையைத்தான் செய்யும்.

குடை பிடிக்கும்போது ஒரு விஷயம் விட்டுப்போகும். பூவை நிழலாக்கிவிட்டோம், பின்னால் இருக்கிற புல்தரை வெயிலில் எரிகிறது. அப்போது பின்னணி வெளுத்துப்போய்ப் பூ சோகையாகத் தெரியும். அதனால் முதலில் பூவைப் பார்க்காதீர்கள், பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மரநிழல், அடர்ந்த வேலி, இருட்டாக எது இருந்தாலும் நல்லது. இரண்டடி நகர்ந்து நின்றாலே பின்னணி மாறிவிடும்.

குடையும் இல்லை, துண்டும் இல்லை என்றால் செடியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நாம் எல்லோரும் பழக்கதோஷத்தில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கிறோம். பூவுக்கு அது சப்பையான வெளிச்சம். எதிர்ப்பக்கம் போய், சூரியன் பூவுக்குப் பின்னால் வருகிற மாதிரி உட்கார்ந்து பாருங்கள். கல்வாழை, செம்பருத்தி மாதிரி மெல்லிய இதழ் எல்லாம் விளக்கு ஏற்றின மாதிரி எரியும். லென்ஸில் வெயில் விழாமல் ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மண்டியிடக் கூச்சப்படாதீர்கள். ஆனால் பாத்திக்குள் காலை வைக்காதீர்கள், கிளையை வளைத்துப் பிடிக்காதீர்கள்.

அப்புறம் அந்தச் சிவப்பு. இதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை. கேமராவின் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து வெளிச்சத்தை வாங்குகிறது. சிவப்புப் பூவில் சிவப்பு மட்டும் முதலிலேயே நிறைந்து வழிந்துவிடும். மற்ற இரண்டும் பாதிகூட வந்திருக்காது. போன் மொத்தத்தையும் சராசரி போட்டு, வெளிச்சம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. வழிந்த இடத்தில் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை. அதுதான் நீங்கள் சொன்ன பெயிண்ட்.

திரையில் இப்போது இரண்டு படம் வைக்கிறேன், பாருங்கள். மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வேலியோரம் எடுத்த செங்காந்தள். நம் மாநிலப் பூ. அங்கே விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள், விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். முதல் படம் போன் தானாக எடுத்தது. ஆறு இதழும் ஒரே சிவப்புக் கொழகொழப்பு. இரண்டாவதில் பூவைத் தொட்டு போகஸ் வைத்து, பக்கத்தில் வருகிற சூரியக் குறியை விரலால் கீழே இழுத்தேன். கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வைக்கலாம். திரையில் இருட்டாகத் தெரிந்தது, பரவாயில்லை என்று எடுத்தேன். இப்போது பாருங்கள், இதழின் ஓரம் நெளிநெளியாக, அடியில் இன்னும் மஞ்சள், நுனிக்குப் போகப்போகச் சிவப்பு. சூலகத்திலிருந்து அந்தத் தண்டு மட்டும் ஒரு பக்கமாக ஒடிந்த மாதிரி மடங்கி நிற்கிறதே, அதுவும் தெரிகிறது. இருட்டைப் பிறகு எடிட் செய்யும்போது கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வழிந்துபோன சிவப்பைத் திரும்ப அள்ள முடியாது.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உடுமலைக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பூ ஒரு இடத்தில் நிற்காது. ஷட்டர் 1/500 நொடிக்குள் திறந்து மூட வேண்டும். நீளக் காம்புப் பூ ஊஞ்சல் மாதிரிதான் ஆடும். ஒரு ஓரத்துக்குப் போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் அது நிற்கிறது. நடுவில் துரத்தாதீர்கள், ஓரத்தில் காத்திருந்து அழுத்துங்கள். போனை மூக்குக்கு முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், போனின் நிழலே பூவின் மேல் விழும். ஒரு அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்துப் பனித்துளி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்து மணிக்கு ஏதுங்க பனி? எனக்குப் பிடிக்காது, பிடித்தவர்கள் செய்துகொள்ளட்டும்.

பூவுக்கும் நேரம் உண்டு என்பதை மறக்காதீர்கள். இரவில் பூக்கிற அல்லி நீங்கள் போகும்போது மூடிக்கொண்டிருக்கும். பகலில் விரிகிற நீல ஆம்பல் அந்நேரம் நன்றாக விரிந்திருக்கும். எங்கேயாவது நாகலிங்க மரம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பூ அடிமரத்திலேயே பூக்கிறது, மரத்தின் தலையே அதற்குக் குடை. வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் நுழைவதால் நாகப்படம் மாதிரி கவிந்த பகுதிக்குள் வளைகிற அந்த இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு நில்லுங்கள், காய் பீரங்கிக் குண்டு அளவு இருக்கும், பழுத்தால் சொல்லாமல் விழும்.

அடுத்த கேள்வி பவானியிலிருந்து. மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டதாம்.