ஈயக் குண்டை அளவுக்குக் கொண்டுவருவது எப்போது?

நேயர்களுக்கு வணக்கம். சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில், இலக்குப் பயிற்சிக்கான கைத்துப்பாக்கிக் குண்டுகளைக் காரீயத்தை உருக்கித் தாங்களே வார்த்துக்கொள்ளும் பொழுதுபோக்காளர்கள் பலர் உண்டு. அச்சிலிருந்து விழும் குண்டை எஃகு வளையமொன்றின் வழியே தள்ளி, அதன் விட்டத்தைச் சீராக்கும் வேலையை அவர்கள் சைசிங் என்பார்கள். அதை வார்த்த அன்றே முடிப்பதா, சில வாரம் ஆறப்போட்டுச் செய்வதா என்பது அவர்களிடையே ஓயாத வழக்கு. வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் காரீயத்தின் குணத்தை முதலில் விசாரிக்க வேண்டும்.

தூய காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். நகத்தால் கீறினாலே தழும்பு விழும் அளவுக்கு மென்மையானது. அதனால் வார்ப்பவர்கள் ஆண்டிமனி என்னும் தனிமத்தையும் வெள்ளீயத்தையும் அதில் கலக்கிறார்கள். வெள்ளீயம், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் நிரம்ப உதவுகிறது. கடினத்தைத் தருவதில் பெரும்பங்கு ஆண்டிமனிக்கே. ஏறத்தாழ 252 பாகை வெப்பத்தில் திண்மக் காரீயம் மூன்றரை சதவீத ஆண்டிமனியைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் அதற்கு ஏறத்தாழக் கால் சதவீதத்தைத் தாங்கத்தான் இயலும். மிச்சம் நுண்துகள்களாக மெல்ல மெல்லப் பிரிகிறது. அத்துகள்கள் உலோகப் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்க, குண்டு நாளுக்கு நாள் இறுகுகிறது. மிகச் சிறிதளவு ஆர்செனிக் இருந்தால் இந்த இறுக்கம் இன்னும் விரைவாகவும் வலுவாகவும் நிகழும்.

கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் அந்தக் கணமே அது விறைத்துக்கொள்ளும். ஆண்டிமனி கலந்த காரீயத்தின் வழி வேறு. அச்சிலிருந்து சூட்டோடு நீர் வாளியில் விழுந்த குண்டு, கையில் எடுக்கும்போது மென்மையாகத்தான் இருக்கும். அடுத்தடுத்த மணிகளிலும் நாட்களிலும்தான் அது உரம் பெறுகிறது. இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாளியை உருக்கும் பாத்திரத்திலிருந்து நன்கு தள்ளி வையுங்கள். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் புகுந்தாலும் அது நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி இறைத்துவிடும்.

இரும்பைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் அது கடினப்படும். முதிர்ந்து இறுகிய ஈயக் கலவையை அழுத்தினாலோ, அழுத்தம் பட்ட இடம் இளகிவிடுகிறது. நீரில் தோய்த்த குண்டுகளை மூன்று வாரம் பெட்டியில் கிடத்திவிட்டு ஒருமுறை நான் சைசிங் செய்தேன். நெம்புகோல் முரண்டு பிடித்தது. தள்ளத் தள்ளக் கை வலித்தது. சுட்டபின் குழலுக்குள் பார்த்தால் சாம்பல்நிற ஈயக் கீற்றுகள். உள்ளே இரும்பாக இருந்த குண்டின் மேற்பரப்பை, வளையத்தில் அழுத்தி நானே இளக்கியிருந்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆகவே நீரில் தோய்த்தவற்றை அன்றைக்கே, கூடுமானால் சில மணி நேரத்துக்குள், அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் இறுகவிடுவதே என் வழக்கம். காற்றில் ஆறியவை அவ்வளவு அவசரப்படுத்துவதில்லை. அவற்றைச் சில நாள் கழித்துச் செய்தாலும் பெரிய நட்டமில்லை. வெள்ளீயம் மட்டுமே கலந்த காரீயம் இவ்வாறு நாளாக நாளாக இறுகுவதில்லை என்பதால், அதற்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, சைசிங் வேண்டுமா என்பது. மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழலின் வழியே பைய நகர்த்தி எடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்தால் குழலின் உள்பள்ள விட்டம், அதாவது உள்சுவரில் வெட்டிய சுழல் பள்ளங்களின் அடிவரை உள்ள விட்டம், தெரிந்துவிடும். வார்ப்புக் குண்டு அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக இருப்பது பொதுவான வழக்கம்; .357 உறையிட்ட குண்டு சுடும் ரிவால்வருக்கு .358 அளவில் வார்ப்பார்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் அமரும் உருளையின் வாய் விட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அது குழலைவிடக் குறுகியிருந்தால், குண்டு குழலை எட்டுமுன்பே சுருங்கிவிடும், நம் உழைப்பெல்லாம் வீண். அச்சிலிருந்து விழும்போதே அளவு பொருந்திவிட்டால், மெழுகுப் பூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்குக்கு மேல் குறைக்க நேர்ந்தால் குண்டின் வடிவம் கோணிவிட வாய்ப்புண்டு. அப்போது மாற்ற வேண்டியது அச்சைத்தான்.

இப்போதெல்லாம் என் பெட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மூன்று குறிப்புகள் இருக்கும்: கலவை எது, வார்த்த நாள் எது, ஆறியது நீரிலா காற்றிலா. சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே அதை எழுதுகிறேன். ஈயத் தூசி பென்சிலில் ஒட்டி, அங்கிருந்து உதட்டுக்கு ஏற அதிக நேரம் பிடிக்காது.