மாஸ்கோவில் காலியாகக் கிடந்த அரங்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, காலையிலிருந்து பொறுமையோடு அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, விழாவுக்குப் பொருளுதவி செய்த புரவலர் அவர்களே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். கடைசி வரிசை மாணவர்களே, பேச்சு உங்களுக்குத்தான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: டி.என்.ஏ.வின் அமைப்பு, ஜீன் புரதமாகும் வழி, புரதம் மடங்கும் விதம்.

மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி. சர்க்கரையும் பாஸ்பேட்டும் பக்கச் சட்டங்கள். அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்று படிகள்; இந்த நான்கும்தான் அதன் எழுத்துகள். ஒரு மனிதச் செல்லில் இருப்பதை மொத்தமாக நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். டி.என்.ஏ.வின் செய்தியை எடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை; தைமின் இடத்தில் யுராசில். சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல். ஓர் அணுதானே என்கிறீர்களா? சிறு துரும்பும் பல் குத்த உதவும். அந்த ஓர் அணு இருப்பதால்தான் ஆர்.என்.ஏ. எளிதில் சிதைகிறது. வேலை முடிந்த செய்தி அழிவது செல்லுக்கும் நல்லதுதானே!

சரி, ஒரு புரதத்துக்கான குறிப்பு எழுதிய டி.என்.ஏ. துண்டான ஜீனுக்கு வருவோம். ஜீனிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. செல்லில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களைக் கோக்கிறது. 4 எழுத்தில் 64 மும்மைகள். அவற்றில் 61 மும்மைகள் அமினோ அமிலங்களைக் குறிக்க, மீதி 3 'போதும், நிறுத்து' என்று சொல்ல. எந்த மும்மைக்கு எந்த அமிலம்? அந்தக் கதையைச் சொல்லாமல் நான் மேடையிறங்கியதே இல்லை.

1961. அமெரிக்காவில் மார்ஷல் நிரன்பர்க்; வயது 34, பெயர் தெரியாத ஆள். அவரோடு ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தாய். ஈ.கோலை பாக்டீரியாவை அரைத்தெடுத்த சாற்றில், யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வை விட்டார்கள். 20 அமினோ அமிலங்களில் ஒவ்வொரு குழாயிலும் ஒன்றுக்கு மட்டும் கதிரியக்க அடையாளம். எந்தக் குழாயில் புரதம் அந்த அடையாளத்தோடு வரும்? ஃபினைல்அலனின் குழாயில்! மூன்று யுராசில் என்றால் ஃபினைல்அலனின். முதல் பூட்டு திறந்தது.

அந்த ஆகஸ்டில் மாஸ்கோவில் உலக உயிர்வேதியியல் மாநாடு. நிரன்பர்க்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை, சில நிமிடம். பெரிய தலைகள் எல்லாம் வேறு அரங்குகளில். கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்லவேளை, அந்தச் சிலரில் உயிரியலாளர் மேசல்சன் இருந்தார். அவர் ஓடிப்போய்ச் சொல்ல, டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் பேரவை அரங்கில் அதே உரையை மறுபடி பேசவைத்தார். அப்புறம்தான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றேனே, இந்தத் துரும்பு 1968இல் இதே துறையில் உழைத்த குரானா, ஹோலி இருவரோடும் நோபல் பரிசு வாங்கியது. குழாய்களோடு மல்லுக்கட்டிய மத்தாய்க்குப் பங்கில்லை. இதை நான் எங்கும் விடாமல் சொல்வேன்.

தலைவர் அவர்களே, புரவலர் அவர்களே, என் கோரிக்கை பழையதுதான். ஒவ்வொரு மாநாட்டிலும் முதல் அரைமணி, பெரிய அரங்கு, மாணவர்களுக்கு. மேடையில் இருக்கும் நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். பொன்னாடை அதற்குப் பிறகு. மனுவைக் கொண்டுவந்திருக்கிறேன், இறங்குமுன் கையெழுத்திட்டுவிடுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். புரதம் மடங்குவதைக் கேட்க விரும்பும் மாணவர்கள் வாசலுக்கு வாருங்கள், நின்றபடியே பேசுவோம்.