வேரிஸ்டரும் வாயுக்குழாயும் சேர்ந்தால்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி, கார்த்திகை என்றால் திருகோணமலையில் பின்னேரத்து இடிமுழக்கம் வழமை. மின்னல் வீட்டில்தான் விழவேண்டும் என்றில்லை. தூரத்து மின்கம்பியில் விழுந்தாலே சில மைக்ரோசெக்கனில் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே வந்துவிடும். ட்ரிப் சுவிட்ச் இதைத் தடுக்காது. அது ஆளைப் பாதுகாக்கப் பூட்டியது, மில்லிசெக்கன் கணக்கில்தான் இயங்கும்.

மெயின் சுவிட்சை ஒட்டி, ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 275 வோல்ட் வேரிஸ்டரை (வோல்ட் மிஞ்சினால் மின்னோட்டத்தைத் தன் வழியே கடத்திவிடும் பாகம்) போட்டுவிட்டுச் சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இது ஆபத்து. வேரிஸ்டர் வேகமானதுதான், ஆனால் ஒவ்வொரு பெரிய அடிக்கும் தேய்ந்து, ஒருநாள் ஷார்ட் ஆகும். நம் வீடுகளில் எர்த் என்பது முற்றத்தில் அடித்த கம்பி. அதன் எதிர்ப்பு 20 ஓம் என்றால் 230 வோல்டுக்கு 11.5 அம்பியர்தான் ஓடும். 32 அம்பியர் பியூஸ் உருகாது. எர்த் பிடித்த பிரிட்ஜ், மோட்டர் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். உப்புவெளி, நிலாவெளி மணல் காய்ந்திருந்தால் எதிர்ப்பு இன்னும் ஏறும்.

ஆகவே வேரிஸ்டரை லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வையுங்கள். அது ஷார்ட் ஆனால் மின்னோட்டம் நியூட்ரல் வழியே திரும்பி, நூற்றுக்கணக்கான அம்பியர் ஓடி, பியூஸ் போய்விடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயுக்குழாய்; வோல்ட் மிஞ்சினால் உள்ளே அடைத்த வாயுவில் பொறி பற்றி, மின்னோட்டத்தைக் கடத்தும் சிறு குழாய் அது. சாதாரண வேளையில் அதில் கசிவே இல்லை. அடி வரும்போது கிலோஅம்பியர் கணக்கில் தாங்கும். அதையே லைனில் தனியாகப் போட்டால், பற்றியபின் அதன் வோல்ட் இருபதளவுக்கு இறங்கிவிடும்; மெயின் கரண்டே அதை அணையவிடாது. நியூட்ரலில் அந்தத் தொல்லை இல்லை.

இணைப்பு வயர்கள் மொத்தம் அரை மீற்றருக்குள் இருக்கட்டும். ஒரு மீற்றர் வயரின் தூண்டல் (வேகமாக ஏறும் கரண்டை எதிர்க்கும் தன்மை) சுமார் 1 மைக்ரோஹென்றி; மைக்ரோசெக்கனுக்கு 1 கிலோஅம்பியர் ஏறினால் அந்த வயரிலேயே 1000 வோல்ட் கூடிவிடும். நல்ல பாகம் வாங்கி, நீட்டு வயரில் கெடுப்பவர்களே அதிகம்.

டெலிபோன் லைனில் வாயுக்குழாய்க்குப் பின்னால் டிவிஎஸ் டயோட் (மிஞ்சிய வோல்டை மிக வேகமாக அமுக்கும் சிறு பாகம்) வரும். இரண்டுக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். இல்லாவிட்டால் டயோட் வோல்டை அமுக்கிவிடும், குழாய் பற்றவே பற்றாது, டயோட் எரியும். ரெசிஸ்டர் இருந்தால் டயோட்டில் 56 அம்பியர் ஓடும்போதே ரெசிஸ்டரில் 560 வோல்ட் எழும்பி, டயோட்டின் வோல்டும் அதோடு சேர்ந்து, 600 வோல்ட் குழாய் பற்றிக்கொள்ளும்.

மழைக்கு முன் எர்த் கம்பியின் கிளாம்பைச் சுரண்டிப் பாருங்கள். கடற்காற்று அதைத்தான் முதலில் அரிக்கும். மெயின் போர்டில் பூட்டிய மின்னல் காப்பின் (இந்தப் பாகங்கள் அடங்கிய பெட்டி) பச்சைச் சாளரம் சிவப்பானால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை உடனே மாற்றுங்கள். வீட்டில் கரண்ட் வழக்கம்போல இருக்கும், காப்பு மட்டும் இருக்காது.