மதிலின் தலையும் தீவின் பாட்டும்: ஸ்காட்லாந்தின் பழைய மொழிகள்

[காட்சி: ஃபோர்த் கழிமுகத்தின் தென்கரை, புல் மூடிய மண்மேடு]

ரோமானியர்கள் இரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய அன்டோனைன் மதிலின் கிழக்குக் கோடிக்கு அருகில் கின்னீல் என்ற இடம் இருக்கிறது. பீட் என்ற துறவி, 731-இல் எழுதி முடித்த தம் லத்தீன் வரலாற்று நூலில், இந்த மதில் தொடங்கும் இடத்தைப் ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பழங்குடியினரான பிக்டுகள் 'பெயன்ஃபாஹெல்' என்றும் ஆங்கிலர்கள் 'பென்னெல்டூன்' என்றும் அழைப்பதாகக் குறித்திருக்கிறார். பெயரின் பொருள் 'மதிலின் தலை'. தலைக்கு, பிக்டு மொழிக்கு உறவான பழைய பிரிட்டானிய மொழியின் சொல் 'பென்'; ஐரிஷ் மொழிக்கு நெருங்கிய உறவான கேலிக் மொழியில் அது 'கென்'. பின்னாளில் கேலிக் பரவியபோது, ஊர்ப்பெயரின் தலையெழுத்தே மாறிக் கின்னீல் ஆயிற்று.

பிக்டு மொழியில் உறுதியாகப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியம்கூட நமக்கு எஞ்சவில்லை என்பதால், இத்தகைய பெயர்களே அதன் எலும்புகள்.

[காட்சி: வரைபடம், பதினோராம் நூற்றாண்டு]

மேற்கிலிருந்து பரவிய கேலிக் பதினோராம் நூற்றாண்டில் பெருநிலத்தின் பெரும்பகுதியில் பேசப்பட்டது. ஆனால் 1124 முதல் 1153 வரை ஆண்ட முதலாம் டேவிட் வணிக நகரங்களை நிறுவியபோது, அங்கே குடியேறிய வணிகர்களோடு ஆங்கிலத்தின் வடக்கு வழக்கு வேரூன்றியது. அதைப் பேசியவர்களே நெடுங்காலம் 'இங்கிலிஸ்' என்றுதான் சொல்லிவந்தார்கள். 1513-இல் ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்த்து முடித்த கவிஞர் கேவின் டக்ளஸ் தம் மொழியை 'ஸ்காட்டிஸ்' என்றார். முன்பு லத்தீன் நூல்களில் 'ஸ்காட்டுகளின் மொழி' எனப்பட்ட கேலிக், இப்போது 'ஐரிஷ்' என்று அயலாக்கப்பட்டது. நிலத்தை இழப்பதற்கும் முன்பே ஒரு மொழி தன் பெயரை இழந்தது எனக்கு மிகவும் வலிக்கிறது. 1616-இல் அரசரின் ஆலோசனை மன்றம், காட்டுமிராண்டித்தனம் நீடிப்பதற்கு அந்த மொழி முக்கியக் காரணங்களில் ஒன்று என்று சொல்லி, அதை ஒழிக்கவும் ஊர்தோறும் ஆங்கிலப் பள்ளி வைக்கவும் ஆணையிட்டது.

[காட்சி: ஷெட்லாந்தின் ஃபூலா தீவு, செங்குத்துப் பாறைகள்]

ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற வடக்குத் தீவுகளின் கதை வேறு. அங்கே வைக்கிங்குகள் கொண்டுவந்த மொழியிலிருந்து நார்ன் பிறந்தது. டென்மார்க், நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியன், தம் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தபோது, வரதட்சணைப் பணத்துக்கு ஈடாக 1468-இல் ஆர்க்னியையும் 1469-இல் ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. நிலப்பிரபுக்களும் பாதிரிமார்களும் தெற்கிலிருந்து வர, நார்ன் வீட்டுக்குள் ஒடுங்கியது.

1774-இல் ஜார்ஜ் லோ என்ற பாதிரியார் ஃபூலாவுக்குப் படகில் போனார். வில்லியம் ஹென்றி என்ற முதிய விவசாயி அவருக்கு, ஆர்க்னித் தலைவனும் நார்வே இளவரசியும் வரும் கதைப்பாடலை நினைவிலிருந்து 35 செய்யுள்களாகச் சொன்னார். லோவுக்கு நார்ன் தெரியாது. காதில் விழுந்த ஒலியை, சொல் எங்கே முடிகிறது என்றும் அறியாமல், அப்படியே எழுதிக்கொண்டார். அந்தத் தாறுமாறான எழுத்தை நார்வே அறிஞர் மாரியுஸ் ஹெக்ஸ்டாட் வரிவரியாகப் பிரித்துப் பொருள் கண்டு வெளியிட்டது 1900-இல்.